சைட்காரைக் கழற்றிய பிறகு

என் மனைவிக்கு முட்டி வலி. மோட்டார் சைக்கிளின் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியாது. அதனால் வண்டியின் இடப்பக்கம் ஒரு சைட்கார் வைத்துப் பூட்டினேன். மெர்போக்கிலிருந்து சுங்கைப் பட்டாணி பாசாருக்குக் காய்கறி வாங்க அவள் அதில் மகாராணி மாதிரி வருவாள். வழியெல்லாம் நான் ஓட்டுவதற்குக் குறை சொல்லிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் செமிலிங் அருகே சைட்கார் கடகடவென்று ஆடியது. இறங்கிப் பார்த்தால், அதை வண்டியோடு பிணைக்கும் நட்டு ஒன்று அதிர்வில் பாதி கழன்றிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இனிமே இதுல ஏற மாட்டேன், போங்க."

ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்தவனிடம் இப்படிச் சொன்னால் ரோஷம் வராதா? எல்லா போல்ட்டையும் மாற்றினேன். தலையில் காடி காடியாக வெட்டிய நட்டுகளை வாங்கிப் போட்டேன். அந்த வெட்டு, போல்ட்டில் இருக்கும் துளைக்கு நேராக வரும்வரை இறுக்கி, குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிட வேண்டும். அப்புறம் சாலை எவ்வளவு குலுக்கினாலும் சரி, நட்டு கழலப் பார்க்கும், அந்தப் பின் விடாது.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். நம்பினால்தானே! ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பின்னையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். "எல்லாம் இருக்கு, எடுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன வருடம் அவள் போய்விட்டாள். நட்டு எதுவும் கழலவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

ஆள் இல்லாத சைட்கார் சொன்ன பேச்சைக் கேட்காது. இடப்பக்கம் திரும்பினால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வேறு வழியில்லாமல் அவள் இருக்கையில் ஒரு மணல் மூட்டையை வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்தது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. கழற்றிவிட்டால் அவள் இனி வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

பக்கத்து வீட்டில் தேங்காய் வியாபாரம் செய்யும் தம்பி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "சும்மாதானே கெடக்கு, எனக்குக் குடுங்கலாண்ணே." முடியாது, முடியாது என்றேன். பிறகு ஒரு மழையில் மூட்டை கிழிந்து, இருக்கை முழுக்கச் சேறானது. அவள் உட்கார்ந்த இடத்தில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மாலையே அவனைக் கூப்பிட்டேன்.

பின்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக உருவினேன். அவன் வண்டியில் சைட்காரைப் பூட்டும்போது அதே பின்களை எடுத்து நீட்டினான்.

"வேணாம் தம்பி. ஒரு தடவை மடக்குனதத் திருப்பிப் போடக்கூடாது, ஒடிஞ்சிரும்," என்று புதிய பின்களைப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை இரண்டு சக்கரத்தில் பாசாருக்குப் போனேன். வழக்கம்போல வண்டியை நிறுத்தினேன், இறங்கினேன், நடந்தேன். பின்னால் தடாலென்று சத்தம். சைட்கார் இருந்தவரை வண்டி தானாக நிற்கும். தொங்காட்டைக் காலால் தள்ளி வண்டியைச் சாய்த்து நிறுத்தும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

மீன் கடைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார். "தொங்காட் போட மறந்துட்டீங்களாண்ணே?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

காய்கறி வாங்கி வந்து பையை வண்டியில் மாட்டினேன். தொங்காட்டை மடக்கி, வண்டியை உதைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கிளம்பவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"எல்லாம் இருக்கு, எடுங்க" என்று வாய்விட்டு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வண்டியை எடுத்தேன்.