மேடையேறிய என் கல்யாணப் பட்டு

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வருகிறது. அதில் ஒரு பெண் முதலமைச்சர். அந்த அம்மாள் சட்டசபையில் எழுந்து நின்றால் எதிர்வரிசை ஆண்கள் எச்சில் விழுங்குவார்கள். என் மருமகளுக்கு அவள்மேல் அப்படி ஒரு பைத்தியம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நகர மாட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த அம்மாள்மேல் பழி விழுந்து, அவள் சபையைப் பார்த்து நியாயம் கேட்கிற கட்டம் நெருங்கினால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். "அத்தைக்கு அரசியல்னாலே ஆகாது" என்று மருமகள் சொல்லிக்கொள்கிறாள். அரசியல் என்னை என்ன செய்தது, பாவம். எனக்கு ஆகாதது வேறு.

அந்தக் கட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில், தொலைக்காட்சி என்ற பெயரே எங்கள் காதில் விழாத காலத்தில், மேடையில் பார்த்தேன். மந்திரியாக நின்றவள் கட்டியிருந்தது என் கல்யாணப் பட்டு.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பிறந்தது காளையார்கோவில் பக்கம். அப்பா வீட்டில் நெல்லும் மிளகாயும்தான் பேச்சு. காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபிறகுதான் அரசியல் என்று ஒன்று வீட்டுக்குள்ளேயே நடமாடுவதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கட்சி மன்றத்தின் செயலாளர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் கூடவே நாலு பேர் உட்காருவார்கள். பெண் விடுதலையைப் பற்றி அவர்கள் தொண்டை வறளப் பேசுவார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். அதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மன்றத்தின் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. மன்றத்திலிருந்த வாத்தியார் ஒருவர் எழுதினார். கூலிக்காரியின் மகள் ஒருத்தி பஞ்சாயத்துத் தலைவியாகி, பிறகு மந்திரியும் ஆகிறாள். பண்ணையார் கூட்டம் அவள்மேல் திருட்டுப் பழி போடுகிறது. அவள் சபையில் தனியாக நின்று ஜெயிக்கிறாள். ஆண் வேஷத்துக்கு மன்றத்து ஆட்களே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மந்திரியம்மாவுக்குத்தான் ஆள் இல்லை. குடும்பப் பெண்கள் யாரும் மேடையேற மாட்டார்கள். அதனால் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நாடகக்காரியைப் பேசினார்கள்.

எங்கள் பக்கம் நாடகக்காரர்களுக்குத் தாம்பூலம் கொடுத்துத்தான் ஒப்பந்தம். வெற்றிலை பாக்கு, தேங்காயோடு முன்பணம் வைத்த தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. நாடகம் நன்றாக அமைந்துவிட்டால், ஊருக்குக் கிளம்பும் காலையிலேயே அடுத்த வருஷத்துக்கான தாம்பூலத்தையும் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் தங்கிய வீட்டுச் சுமங்கலி கையால் கொடுப்பது வழக்கம். அந்த இரண்டாவது தட்டுக்குத்தான் மதிப்பு. அதை வாங்கிக்கொண்டு போனால் வலையபட்டி, திருப்பத்தூர் என்று நாலு ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். வாங்காமல் போனால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஊரே ஒரு பதில் தயார் பண்ணிவிடும்.

அவள் காலைப் பஸ்ஸில் வந்தாள். கூட ஒரு ஆர்மோனியக்காரர், கையில் தகரப் பெட்டி. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வீட்டு முன்கட்டில் தங்க வைத்தார்கள். என் மாமியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "முன்கட்டோட இருக்கட்டும். இங்குட்டு உள்ள வந்துறப் போறா, பாத்துக்க." நான் பார்த்துக்கொண்டேன். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளர். அவளுக்கு அலுமினியத் தம்ளரில் காப்பி கொண்டுபோனேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. என் கையே தேடி எடுத்தது.

அவள் காப்பியைக் குடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து காட்டினாள். ராணி வேஷத்துக்கும் வள்ளி வேஷத்துக்குமான ஜிகினா உடுப்புகள். மேலாக ஒரு வெங்காய நிறச் சேலை, அதில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"பஸ்ஸுல யாரோ எண்ணெய் டின்னைச் சாச்சுப்புட்டாக தாயி. மந்திரியா வர்ற கட்டத்துக்கு ஒரு சேலை வேணும். நூல் சேலையே போதும்."

என் பெட்டியில் நூல் கண்டாங்கி நாலு இருந்தது. ஒன்றைக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நான்தான் மேடையேற முடியாது, என் சேலையாவது ஏறட்டுமே. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. முகூர்த்தத்துக்குப் பிறகு இரண்டு முறைதான் கட்டியிருந்தேன். மாமியார் பின்கட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்து, பட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

அவள் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"வீட்டுப் பெரியவுகளுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். நாளைக்குக் காலையில குடுத்துட்டாப் போதும்."

"ஏதும் பேச்சு வந்தா எம்மேலதான் தாயி விழும். எங்க பொழப்பு அப்படி."

"நான் இருக்கேன்ல? ஏதுன்னாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவ்வளவு தெம்பாகச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

இருட்டியதும் நாடகம் தொடங்கியது. பெண்களுக்கு ஒரு பக்கம் பாய் விரித்திருந்தார்கள். முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் நான். பாதி நாடகத்துக்குமேல் அவள் என் பட்டைக் கட்டிக்கொண்டு மந்திரியாக வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தேன். எனக்கு அது இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தேன். அவர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சபையில் அவள் முழங்கிக்கொண்டிருக்கும்போது, மன்றத் தலைவரான அரிசி மில்காரர் கையில் ரூபாய் நோட்டும் குண்டூசியுமாக மேடையேறினார். அப்போதெல்லாம் அன்பளிப்பு அப்படித்தான். நடிப்பவரின் உடுப்பிலேயே குத்துவார்கள். எப்பேர்ப்பட்ட மந்திரியும் வசனத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியதுதான். அவளும் நின்றாள். ஆனால் அவர் தோள் பக்கம் கையைக் கொண்டுபோனதும், முந்தானையை இறுக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்த மாலையை முன்னால் இழுத்துக் காட்டினாள். அவர் முகம் சுருங்கி, மாலையில் குத்திவிட்டு இறங்கினார். அடுத்து வந்தவர்களுக்கும் அதே மாலைதான்.

"ராங்கியப் பாரு, மகாராணியா இவ?" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு அவள் மேடையின் விளிம்புக்கு வந்து எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "பழி சொல்ல நூறு வாய் இருக்கிறது. உண்மையைச் சொல்ல ஒரு வாய் இல்லையா இந்தச் சபையில்?" பெண்கள் பக்கம் அப்படியே ஆடிப்போயிற்று. நான் அழுதேன். கைதட்டிய தட்டில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. எனக்கு மட்டும் அப்படி ஒரு சமயம் வந்தால் எழுந்து நின்று பேசிவிடுவேன் என்று அந்த நிமிஷம் சத்தியமாக நம்பினேன்.

சமயம் மறுநாள் காலையிலேயே வந்தது.

நாடகம் அமோகம் என்று மன்றத்தலைவரும் இன்னும் இரண்டு பேரும் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தாம்பூலத்துக்குச் சொல்ல, நான் தலைக்குக் குளித்து, வெற்றிலையும் தேங்காயும் முன்பணமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு வந்தேன். அவள் சேலையைத் துண்டில் சுற்றிப் பெட்டிமேல் வைத்திருந்தாள். என்னிடம் தனியாகக் கொடுக்கத்தான் காத்திருந்தாள். ஆனால் எனக்குப் பின்னாலேயே மாமியார் வந்துவிட்டார்.

"தாம்பூலம் இருக்கட்டும். இந்தச் சேலை இவ கைக்கு எப்படிப் போச்சுன்னு கேளுங்க" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நீதானே சொல்கிறேன் என்றாய், சொல் என்று எனக்கு வழிவிட்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "நீ குடுத்தியா?"

கொடுத்தேன் என்ற ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமியார் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். கல்யாணப் பட்டை நாடகக்காரிக்குக் கொடுத்தாள் செயலாளர் பெண்டாட்டி என்று மன்றத்தில் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் ஒரு சத்தம் போடுவார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதற்குமேல் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நாலு ஆண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் பதித்த பூக்கல்லைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்றேன்.

அவளுடைய ஆர்மோனியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை நீட்டி அடக்கினாள்.

"கொடியில கெடந்துச்சுங்க. அவசரத்துக்கு நான்தான் கேக்காம எடுத்துக் கட்டிக்கிட்டேன். தப்புத்தான்" என்றாள். முந்தின நாள் அத்தனை முழக்கமிட்ட குரல் அது. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாடகக்காரி புத்தியைக் காட்டிட்டாள்ல" என்றார் மில்காரர்.

"தட்டை உள்ள கொண்டு போ" என்றார் என் வீட்டுக்காரர். கொண்டுபோனேன். தேங்காய் உருண்டு விழாமல், அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தேன். திரும்பி வரும்போது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும் "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அது நான்தான். அடுத்த வருஷம் வேறொருத்தி மந்திரியாக வந்தாள். முதலில் வந்தவளுக்குக் கை நீளம் என்று வலையபட்டிவரை பேச்சுப் போய்விட்டது என்றும், இந்தப் பக்கத்து மேடைகளில் அவளைக் கூப்பிடுவதே இல்லை என்றும் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிலிருந்து எதற்கு வந்தாரோ, திடீரென்று கேட்டார்.

"ஏத்தா, பட்டுச் சேலைய யாராச்சும் கொடியில போடுவாகளா?"

என் கை நின்றுவிட்டது.

"பெட்டிச் சாவி உன் இடுப்புலல்ல கெடந்துச்சு. நீதான் எடுத்துக் குடுத்தேன்னு அன்னிக்கே தெரியும். உன் புருசனுக்குந் தெரியும்."

"தெரிஞ்சுமா அத்தை அவளை அப்படி அனுப்புனீக?"

"உன் வாயால வருமான்னு பாத்தேன். வரல. அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல? நீ வீட்டு மருமக, அவ யாரோ." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தைலம் தேய்ப்பதற்காகக் காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

இத்தனை வருஷம் அது என் ஒருத்தியின் ரகசியம் என்று நினைத்திருந்தேன். அந்த முன்கட்டில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அவள் தலையில் ஏற்றி அனுப்பினோம். அவர்கள் யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருந்தேன்.

மாமியார் தூங்கியதும் பெட்டியைத் திறந்தேன். பட்டு அடியில் அதே துண்டில் சுற்றியபடி கிடந்தது. அந்தக் காலைக்குப் பிறகு நான் அதைப் பிரிக்கவே இல்லை. எப்படிக் கட்டுவேன்? மனசு கேட்காமல் போகும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். ஆளாளுக்கு ஏறி ஊசி குத்தினார்களே, எப்படியும் சேலையைப் பாழாக்கித்தானே கொடுத்திருப்பாள் என்று. மாலையை இழுத்துக் காட்டியதைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். அது எதற்கென்று யோசிக்க எனக்கு மனசில்லை.

முற்றத்து வெளிச்சத்தில் முந்தானையைப் பிரித்துப் பிடித்துப் பார்த்தேன். தோள்பக்கம், மார்புப்பக்கம், கரை என்று விரலால் தடவித் தடவித் தேடினேன். ஒரே ஒரு ஊசித்துளை கிடைத்திருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன். ஒன்றுகூட இல்லை.