உத்தரத்தில் தொங்கிய தேயிலை

விருந்தினருக்குக் கொடுக்கத் தம்மிடம் ஏதும் இல்லாதபோதெல்லாம் அப்பாவுக்குப் பிறர் பொருள் நினைவுக்கு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது அத்தையின் தேயிலை.

அத்தை அப்பாவின் தங்கை. இரங்கூனிலிருந்து அகதிக் கப்பலில் வந்திறங்கி, தண்டையார்பேட்டையில் எங்கள் ஒற்றையறை வீட்டில் ஒண்டியிருந்தாள். அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்ன மாமா அங்கேயே இருந்தார். நகைகளைப் பிடுங்கிக்கொண்ட அதிகாரிகள் அத்தையிடம் விட்டுவைத்தது, தட்டையாகவும் வட்டமாகவும் கல்போல் இறுகிய கறுப்புத் தேயிலைக் கட்டி ஒன்றைத்தான். அம்மா அதை வறட்டி என்பாள். திருமணத்தின்போது பக்கத்துக் கடைச் சீனர் கொடுத்ததாம். ஆண்டுகள் ஏற ஏறத் தானே புளித்துப் பக்குவப்படுமாம். மாமா கரையிறங்கும் நாளில் உடைப்பதென்று அவர்களுக்குள் பேச்சு. பர்மாக் கப்பல் வரும் நாளெல்லாம் அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு துறைமுக வாசலில் போய் நிற்பாள்.

அந்தத் தேயிலை அண்டையிலுள்ள வாடையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காடாத்துணியில் தளர்வாகச் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். அதன் பொருட்டு அம்மா கருவாட்டைத் தெருவில் அடுப்பு வைத்து வறுக்க வேண்டியிருந்தது. அம்மாவின் கோபத்துக்கு அது போதும்.

அப்பா திருவொற்றியூரில் ஓர் ஆலையில் தற்காலிகத் தொழிலாளி. அவரை நிரந்தரமாக்கக்கூடிய சூப்பர்வைசர் அன்று வந்து வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். சீனத்து ராசாக்கள் குடிக்கும் டீ வருகிறதென்று அவரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்தார். அத்தை உத்தரத்தின் கீழே போய் நின்றாள்.

“அது அவரு வந்தாத்தாண்ணே.”

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டே கத்தினார். “அவன் வரமாட்டான். அங்க இன்னொருத்தியக் கட்டிகினு சொகமாக் கீறான். கப்பல்ல வந்தவன் பூரா சொல்றான். நீ இன்னான்னா வறட்டிக்குக் காவல் காத்துகினு கீற.”

“தெரியும்,” என்றாள் அத்தை. ஆனால் நகரவில்லை.

அப்பா அவளைத் தள்ளிவிட்டு மூட்டையை இழுத்தார். அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தார். தேயிலை சிதறியது. அம்மா ஒரு கைப்பிடியை அள்ளிப் பாலில் போட்டு, சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்துப் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டாள். சூப்பர்வைசர் ஒரு வாய் குடித்துத் தெருவில் துப்பினார்.

“இன்னாபா இது, மழையில நனைஞ்ச கோணி கணக்கா நாறுது? வூட்டுக்குக் கூப்ட்டு வெச்சிக் கலீஜ் குடுக்கிறியா?”

அவர் போனபின் அப்பா உள்ளே வந்து, “உன் கலீஜால என் பொழப்பு போச்சு,” என்றார். பறித்தவரும் அவர், பறிகொடுத்தவளைப் பழித்தவரும் அவர். அந்தக் கணத்தை நினைக்கையில் இன்றும் என் பற்கள் நெறிபடுகின்றன.

அத்தை தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக் கூஜாவில் இட்டு வெந்நீர் ஊற்றினாள். தூசு போக உடனே அந்நீரை வடித்துக் கொட்டினாள்.

“மொத தண்ணியக் கொட்றா பாரு. சத்தெல்லாம் அதுலதான் கீது,” என்று அப்பா இளித்தார்.

மறுபடி ஊற்றிய நீர் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இறங்கியது. எனக்கு இரண்டு மிடறு கொடுத்தாள். பாலுமில்லை, சர்க்கரையுமில்லை, கசப்புமில்லை. நனைந்த மண்ணையும் பழைய மரப்பெட்டியையும் சேர்த்து விழுங்கியதுபோல் இருந்தது. விழுங்கியபின் தொண்டையிலிருந்து மெல்லிய இனிப்பொன்று மேலேறி வந்தது. அதே இலையில் அத்தை மீண்டும் மீண்டும் நீர் ஊற்றி, நிறம் வெளுக்கும்வரை குடித்தாள். எனக்குக் கொடுக்குமுன் அவள் நிரப்பி ஒதுக்கி வைத்த கோப்பை மட்டும் அப்படியே ஆறிக் கிடந்தது. மாமாவுக்கென்று எண்ணி நான் அதைத் தொடவில்லை. கடைசியில் அத்தை அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். கோப்பையைச் சாம்பல் போட்டு அழுந்தத் தேய்த்தாள்.

அடுத்த கப்பல் வந்த நாளில் நான் தலை சீவிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். அத்தை வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். உத்தரத்துக்கு நேர்கீழே அடுப்பை வைத்து, வீடெல்லாம் புகையக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் அப்பாவின்மேல் மட்டுந்தான் என்று அப்போது நம்பி, நானும் அப்பாவோடு வெகுநாள் பேசாமல் இருந்தேன்.