கிஸ்மிஸுக்குப் பால் மறக்கடித்தேன்

என் நைட்டியின் இடது கை, முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, தினமும் நனைந்திருந்தது. அதுதான் முதல் அறிகுறி. நோய் பூனைக்குட்டிக்கா எனக்கா என்பது அப்போது தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தரையில் கொஞ்ச நேரம் படுப்பேன். கிஸ்மிஸ் வந்து என் கைக்குள் புகுந்துகொள்ளும். முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் மாறி மாறி அமுக்கும். பிறகு துணியைக் கவ்விச் சப்பத் தொடங்கும். கண் செருகிவிடும். இருபது நிமிடம், சில நாள் அரை மணி. விலக்கினால் நகம் தோலில் இறங்கும். கையெல்லாம் தடிப்பு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டி இருந்து, எப்படி நிறுத்துவது என்று தேடித்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நான் செய்ததைச் செய்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கம்பம் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்திலேயே. சாமான் போடும் செட்டில் அடுக்கியிருந்த பழ டிரேக்களுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பிழைத்தது ஒன்றுதான். பழம் வெட்டு தொடங்கியதும் டிரே வேண்டியிருந்தது. கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். தாய், அடுப்படியில் புகுந்து கருவாட்டைத் திருடுகிற பூனை. அது எனக்கு வேண்டாம், குட்டி மட்டும் வேண்டும். தாய் இரண்டு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தியது. நான் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அதைக் காணவில்லை. நாய் கடித்துவிடும் என்றுதான் குட்டியைத் தூக்கினேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். எங்கள் நாய் அன்றைக்கும் சங்கிலியில்தான் கிடந்தது.

மதுரையில் நர்சிங் படிக்கும் மகள் கௌசி போனிலேயே பெயர் வைத்தாள். பீடிங் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தேன். என் வீட்டுக்காரர், “ரெண்டாவது பிள்ள பொறந்திருச்சு, பேறுகாலச் செலவு மிச்சம்” என்று கிண்டல் செய்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதமாகியும் சப்புவதை விடாதபோதுதான் எரிச்சல் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போட எடுத்து வைத்த பட்டு ரவிக்கையின் கையை ஒருநாள் சப்பி ஓட்டை போட்டுவிட்டது. எனக்கு வந்ததே கோபம்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவோம். கௌசிக்குப் பத்து மாதத்தில் அப்படித்தான் மறக்கடித்தேன். அப்போதும் பழம் வெட்டுதான். பிள்ளையை மடியில் வைத்து உட்கார நேரம் இல்லை. பிள்ளைக்குச் செய்தது பூனைக்கு ஆகாதா என்று தோன்றியது.

விளக்குக்கு வைத்திருந்த வேப்பெண்ணெய் தீர்ந்திருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“வேப்பெண்ண இருக்கா?”

“செட்டுல மோட்டார் பக்கத்துல ஒரு பாட்டில் இருக்கும் பாரு.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மல்லிகைச் செடிக்குத் தெளிக்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பாட்டிலில், கொடியில் மாவுப்பூச்சிக்கு அடிக்க, எண்ணெயோடு பூச்சிமருந்தையும் கலந்து வைத்திருந்தார். வேப்பெண்ணெய் நாற்றத்தில் மற்ற நாற்றம் எனக்குத் தெரியவில்லை. நைட்டிக் கையில் தாராளமாகத் தடவிக்கொண்டு படுத்தேன். தோல் எரிந்தது. நன்றாகக் காரமாக இருக்கிறது, இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

கிஸ்மிஸ் வந்தது. மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்துப் பின்வாங்கி, என் முகத்தைப் பார்த்தது. பிறகு வந்து சப்பத் தொடங்கிவிட்டது. கசந்திருக்கும். ஆனாலும் விடவில்லை. எத்தனை நேரம் தாங்குகிறாய் பார்ப்போம் என்று நானும் விலக்காமல் கிடந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

அது விட்டபோது வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால்கள் இழுத்தன. உடம்பு முழுக்க நடுக்கம். பதறிப்போய் ஸ்பூனால் பாலை வாயில் ஊற்றினேன். ஓடிவந்த வீட்டுக்காரர் என் கையை மோந்து பார்த்துவிட்டுச் செட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். குட்டியைப் பழ டிரேயில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் கம்பத்துக்கு, கால்நடை மருந்தகத்துக்குப் போனோம்.

ஆட்டோடும் கன்றோடும் நின்றவர்கள் வழிவிட்டார்கள். டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. பாட்டிலைப் பார்த்ததும் அட்ரோபின் (பூச்சிமருந்தின் விஷ வேகத்தைக் குறைக்கும் மருந்து) ஊசி போட்டார்.

“வாயில எதுவும் ஊத்துனீங்களா?”

“பால்.”

“இழுத்துக்கிட்டு இருக்கற உயிருக்கு எதையும் ஊத்தக் கூடாதும்மா. நுரையீரலுக்குப் போயிரும். பாட்டிலக் கொண்டுவந்தீங்களே, அது ஒண்ணுதான் நல்லது.”

என் கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு, குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரித்தீர்கள் என்று கேட்டார்.

“தாய் விட்டுட்டுப் போயிருச்சு” என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. “இல்ல, நாந்தான் தூக்கியாந்துட்டேன். அப்ப பொறந்து மூணு வாரம் இருக்கும்.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ரெண்டு மாசமாவது தாய்கிட்ட இருக்கணும். அப்பக் கிடைக்காததத் துணியில தேடுது. இது நோயில்ல. நூலை முழுங்காமப் பாத்துக்கிட்டாப் போதும். கை வலிச்சா ஒரு பழைய போர்வையக் குடுத்துட்டு மெதுவா எந்திரிச்சிருங்க. வாசமான எண்ண, மருந்து எதையும் பூனைமேல தடவாதீங்க. அது நக்கியே உள்ள தள்ளிரும்.”

விஷம் இரண்டு நாளில் இறங்கியது. நான் ஊற்றிய பால்தான் விடவில்லை; நிமோனியா (நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டுவது) வந்தது. ஒரு வாரம் தினமும் கம்பத்துக்கு ஊசிக்குப் போனோம். விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மடியில் கிடந்த குட்டியை அசைக்கப் பயந்து என் மூச்சையும் மெதுவாகத்தான் விட்டேன்.

கௌசி போனில் கேட்டாள். “டாக்டர் என்ன சொன்னாக?” சொன்னேன். வேப்பெண்ணெய் தடவியதையும் மறைக்கவில்லை.

“எனக்கும் அதத்தானம்மா தடவுன?”

“அது வேற பாட்டில்டி” என்றேன்.

அவள் கேட்டது பாட்டிலைப் பற்றி அல்ல என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அவள் கட்டைவிரல் சப்பினாள். அதற்கும் அடித்திருக்கிறேன்.

கிஸ்மிஸ் பிழைத்துவிட்டது. பின்னங்கால் மட்டும் நடக்கும்போது லேசாகத் தள்ளாடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓணானைத் துரத்துகிறது. சப்புவது நின்றுபோனது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. மதியம் படுத்தால் வரும், என் இடது கையை ஒருமுறை மோந்து பார்க்கும், வீட்டுக்காரர் உட்கார விரித்திருக்கும் சாக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நைட்டியைக் கொளுத்திவிட்டேன். கையை எத்தனையோ தடவை கழுவிவிட்டேன். தடிப்பு மறைந்து தோல் வழவழப்பாகிவிட்டது. என் கைதான், ஆனால் யாரிடமோ வாங்கி வைத்திருப்பதுபோல இருக்கிறது. இரண்டு மணியானால் அதை நீட்டிப்போட்டுப் படுக்கிறேன். முன்பு அந்த அரை மணி நேரம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது அது முடியாமலே நீள்கிறது.

போன மாதம் கௌசி விடுமுறைக்கு வந்திருந்தாள். திரும்பிப் போகிற ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். கிஸ்மிஸ் வந்தது. என்னைத் தாண்டிப் போய் அவள் வயிற்றோரம் சுருண்டது. ஷாலின் முனையை இரண்டு காலாலும் பிசைந்தது. பிறகு வாயில் கவ்விக்கொண்டது. சப்பும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

“அம்மா, மணி மூணரை. நாலு மணி பஸ்ஸ விட்டா ஆஸ்டல்ல வைவாக. எடுத்து விடவா?”

“அதுவா விடட்டும். அடுத்த பஸ்ஸுக்குப் போ.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஷாலை இன்னும் கொஞ்சம் குட்டியின் பக்கம் தள்ளிவிட்டாள். அது தானாக விட்டபோது மணி நாலேகால்.