வெள்ளம் எங்காலை போகும்?

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் றோட்டுப் போடுவது பற்றிக் கதைக்கக் கூட்டம் வைத்த அன்று, சனசமூக நிலையத்தில் எனக்குக் கதிரை கிடைக்கவில்லை. மற்றக் கூட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். அன்று உள்ளூராட்சிச் சபை உறுப்பினர் வருகிறார், கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் சனத்துக்குக் கேள்வி கேட்கக் கிடைத்தால் போதும், கோயில் கொடியேற்றம் மாதிரித் தோய்ந்து உடுத்திக்கொண்டு வந்துவிடும். பதில் வராவிட்டாலும் குறையில்லை.

ஒருவர் தெருநாய்களைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் ஏன் சந்தியோடு திரும்பிப் போகிறது என்று கேட்டார். பகலில் எரிகிற தெருவிளக்கு இரவில் ஏன் எரிவதில்லை என்று ஒரு அம்மா கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். உறுப்பினரும் சிரித்தார். எல்லாவற்றுக்கும் "பாப்பம், பாப்பம்" என்றவர், ஒழுங்கை என்றதும் "கட்டாயம் போடுவம்" என்றார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். முன் யன்னலடியில் தையல் மெசினைப் போட்டுப் பிழைக்கிறவள் நான். வெயில் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் கல்யாண பிளவுஸ் முழுக்கச் செம்புழுதி. எனக்கும் கொங்கிரீட் வேண்டும்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா எழும்பினா. ஒழுங்கையின் கடைசி வீடு அவவுடையது. அதற்கு முந்தின வீடு எங்களுடையது.

"தம்பி, றோட்டை உயர்த்திப் போடுறியள். சரி. மாரிக்கு வாற வெள்ளம் எங்காலை போகும்?"

"அது அடுத்த கட்டம் அக்கா. முதல்லை றோட்டைப் போடுவம். வாய்க்காலைப் பிறகு பாப்பம்."

"அடுத்த கட்டம் எப்ப?"

"வரும் அக்கா."

எனக்குப் பின்னால் ஒருவர், "உவ தொடங்கீட்டா. உந்தக் கதையாலை வாற றோட்டும் வராமல் போகப்போகுது" என்றார். அக்காவுக்கும் அது கேட்டது. சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டா. பிறகு தேத்தண்ணியும் ரோல்சும் வந்தன. அதோடு கூட்டம் முடிந்தது.

அவ ஏன் அப்படிக் கேட்டா என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கை சந்தியிலிருந்து கடல் பக்கமாகச் சரிந்து வருவது. அது அக்காவின் வீட்டோடு முடிய, குறுக்கே வீட்டோடு ஒரு பெரிய வளவு. அந்த வளவுக்குப் பின்னால் தரவை வெளி, தரவைக்கு அப்பால் கடனீரேரி. முன்பு அந்த வளவுக்குக் கிளுவை வேலிதான் இருந்தது. வேலியின் அடியில் நாய் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. ஒழுங்கை வெள்ளம் முழுவதும் அந்தப் பொட்டால் நுழைந்து, வளவைக் கடந்து, தரவைக்குப் போய்விடும். யாரும் வெட்டிய வாய்க்கால் அல்ல, தண்ணீர் தானாகப் பிடித்துக்கொண்ட வழி.

வளவுக்காரர் கனடாவில். சில வருடங்களுக்கு முன் வேலியைப் பிடுங்கி, ஆளுயரத்துக்கு மேலே மதில் கட்டுவித்தார்கள். அப்போதும் அக்கா போய் நின்று மேசனிடம் சொல்லி, அடியில் ஒரு ஓட்டை விடுவித்தா. பிறகு வளவுக்குக் கமெரா பூட்டினார்கள். ஒரு நாள் கனடாவிலிருந்தபடியே அந்தக் கமெராவில் பார்த்தவர்களுக்கு, ஓட்டைக்குள்ளால் ஒரு புடையன் வளவுக்குள் போவது தெரிந்ததாம். அடுத்த கிழமையே ஓட்டைக்குச் சீமெந்து பூசியாயிற்று. இங்கே இருக்கிற எங்களைப் பாம்பு கடித்தால் கடிக்கட்டும், அங்கே இருக்கிறவர்களின் ஆளில்லாத வீட்டைக் கடிக்கக்கூடாது!

அக்காவுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், வீட்டில் அண்ணை, அவவின் மனுசன், கிடையில். லொறி ஓடின மனிதர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முன் விறாந்தை அறையில், யன்னலோடு அவருடைய கட்டில். பேச்சு வராது. அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் நல்ல கையில் இருக்கிற சில்வர்க் கோப்பையால் யன்னல் கம்பியில் தட்டுவார். டங், டங் என்று அது என் மெசினடிக்குக் கேட்கும். நான் மெசினை நிற்பாட்டி, "அக்கா, அண்ணை கூப்பிடுறார்" என்று குரல் கொடுப்பேன். கிணற்றடியிலிருந்து "ஓம், வாறன்" என்று அவவின் குரல் வரும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது பழகிப்போன சத்தம்.

அவர்களின் மகள் காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிறாள். மாரிக்கு மட்டுமாவது வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கேட்டவள். அண்ணை தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "இடம்பெயர்ந்தது காணும், இனி ஏலாதெண்டுறார்" என்று அக்கா எங்களுக்கு மொழிபெயர்த்தா.

வெயில் காலத்திலேயே றோட்டுப் போட்டு முடித்தார்கள். மாவிலை கட்டி, நாடா வெட்டி, கற்கண்டு கொடுத்தார்கள். நல்ல றோட்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு பார்த்தால், அக்காவின் வாசல் படலை பள்ளத்தில் நின்றது. முன்பு ஒழுங்கையிலிருந்து நேராக அவவின் வளவுக்குள் நடந்து போவோம். இப்போது ஒரு படி இறங்கவேண்டியிருந்தது. சந்தி வரைக்கும் இருந்த வீடுகளும் இந்தச் சந்தோசத்தில் தங்கள் வாசலை உயர்த்தி, மதிலைக் கட்டி, தண்ணீரை ஒழுங்கைக்குத் திருப்பிவிட்டன. ஒவ்வொரு வீடாக உயர உயர, நான் மெசினை விட்டு எழும்பி அக்காவின் படலையைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதல் மழை சின்ன மழை. அதற்கே அக்காவின் முற்றத்தில் தண்ணீர் நின்றது. அவ சபைக்குப் போனா. துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். அது தனியார் காணி, மதிலில் கை வைக்கத் தங்களால் முடியாது, சொந்தக்காரரைக் கேளுங்கோ என்றார். சொந்தக்காரருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தோம். அவர்களும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். வாய்க்கால் வெட்டுவது சபையின் வேலை, சபையைக் கேளுங்கோ என்றார்கள். அக்காவும் நானும் திரும்பி வந்தோம். படலையில் இறங்கும்போது அவ, "கிணத்தைப் பாத்தனீரோ?" என்று கேட்டா. எட்டிப் பார்த்தேன். ஐப்பசி பிறக்க முன்னமே தண்ணீர் கையெட்டும் உயரத்தில் நின்றது. நிலத்துக்குக் கீழே இனி இடமில்லை.

கார்த்திகையில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். காற்றில்லாமல் ஒரு பகல் முழுக்க மூட்டமாகக் கிடந்தது. கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் வரவில்லை. எறும்புகள் என் யன்னல் கட்டில் வரிசை வரிசையாக ஏறின. அக்கா கட்டிலின் நான்கு காலுக்கும் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்தினா. நானும் என் மனுசனும்தான் தூக்கிக் கொடுத்தோம். அண்ணை எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். 

மழை விடிய முன் பிடித்தது. ஒரே சீரான மழை. விடியும்போது முழு ஒழுங்கையும் ஒரு வாய்க்கால். அவ்வளவு தண்ணீரும் எங்கள் வாசலைக் கடந்து கீழே இறங்கி, மதிலில் முட்டி, திரும்பி அக்காவின் வளவுக்குள் ஏறியது. பத்து மணி அளவில் அவவின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

ஆண்கள் வந்தார்கள், வரவில்லை என்று சொல்லமாட்டேன். சந்தி வரைக்கும் இருந்த எல்லா வீட்டு ஆண்களும் மதிலடிக்கு வந்து நின்றார்கள். என் மனுசன் இரும்பு அலவாங்கோடு போனார். எல்லாருக்கும் தெரியும், அந்த ஓட்டை இருந்த இடத்தில் நாலு குத்துக் குத்தினால் போதும் என்று. ஆனால் யாரும் குத்தவில்லை.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. ஷெல்லுக்கு ஓடின சனம் நாங்கள். இருந்த வீட்டையும் விட்டு, உடுத்த துணியோடு போனவர்கள். ஆனால் மற்றவன் எல்லையில் கை வைப்பதென்றால் எங்களுக்குத் துணிவு வராது. இதே வளவுக்காரரின் தகப்பன் முன்பொரு காலம் வேலி ஒரு முழம் தள்ளிப்போனதென்று அடுத்த காணிக்காரரோடு வழக்காடி, அந்த இரண்டு பேரும் செத்து, பிள்ளைகள் காலத்தில்தான் தீர்ப்பு வந்தது. அது எல்லாருடைய மனதிலும் இருந்தது.

"கேக்காமல் உடைச்சால் பிறகு கோடு கச்சேரி எண்டு ஆர் அலையிறது?" என்றார் ஒருவர்.

கனடாக்காரரின் வளவைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் குடையோடு நின்று, "எனக்கு வீட்டுத் திறப்பு மட்டும்தான் தந்தவை. மதிலுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

கனடாவுக்குக் கோல் எடுத்தார்கள். அங்கே நடுச்சாமம். மணி அடித்து அடித்து நின்றது. குரல் பதிவு அனுப்பினார்கள். மின்சாரம் விடியவே போய்விட்டது, மதிலின் மேலே இருந்த கமெராவின் சிவப்புப் பொட்டு வெளிச்சம் அணைந்திருந்தது. என்றாலும் எல்லாரும் அந்தக் கமெராவைத்தான் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த நேரம் முழுக்க, டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அக்காவோடு உள்ளே இருந்தேன். தண்ணீர் மெத்தையின் அடியைத் தொட்டு, பிறகு மெத்தையைக் குடித்தது. அண்ணையைத் தூக்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. "ஆக்களைக் கூப்பிடும்" என்று அக்கா சொன்னா. நான் வாசலில் நின்று கத்தினேன். "உதோ, மறுமொழி வந்திடும், வந்தவுடனை உடைக்கிறம்" என்று மதிலடியிலிருந்து பதில் வந்தது. நான் கேட்டது அண்ணையைத் தூக்க. அவர்களுக்கு அந்த மழையில் என் பேச்சு சரியாகப் போய்ச் சேரவில்லையோ, அல்லது மதிலைத் தவிர வேறொன்றும் தலைக்குள் இல்லையோ, தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதேன்.

பிறகு கோப்பைச் சத்தம் நின்றது.

அக்கா அவரைப் பார்த்தா. கண் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது, கைதான் விறைத்துப்போய்க் கோப்பையை விட்டிருந்தது. அது தண்ணீரில் மிதந்துகொண்டு நின்றது. அவ வெளியே போனா. நேரே என் மனுசனிடம் போய் அலவாங்கைப் பிடுங்கினா.

"அக்கா, பொறுங்கோ, கோல் எடுத்திருக்கிறம்."

"நான் கேட்டு முடிச்சிட்டன் தம்பி."

அவ்வளவுதான் சொன்னா. மதிலில் அவ குத்தின குத்தை எண்ண யாருக்கும் மனம் வரவில்லை. கல் உள்ளே விழுந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு வளவுக்குள் பாய்ந்தது. பின்னேரம் ஆவதற்குள் வீட்டுக்குள் சேறு மட்டும்தான். இவ்வளவு சுலபமான வேலை.

ஆண்கள் அப்போதுதான் உள்ளே வந்து அண்ணையைக் கட்டிலோடு தூக்கினார்கள். ஆசுபத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தார், பெட்டியில்.

கனடாவிலிருந்து பதில் அன்றிரவே வந்திருந்தது. "ஐயோ, உடனை உடைச்சிருக்கலாமே, உதுக்கு ஏன் எங்களைக் கேட்டனீங்கள்?" அதைச் செத்தவீட்டில் ஒருவர் எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். உறுப்பினரும் வந்திருந்தார். பிரேத வண்டி ஒழுங்கையால் குலுங்காமல் இறங்கி வாசலடியில் வந்து நின்றபோது, அவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, "பாத்தியளோ, றோட்டுப் போட்டபடியாலைதான் வண்டி வாசல் மட்டும் வந்தது" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அக்கா மகளோடு போய்விட்டா. வீட்டை வாங்கினவர்கள் முதல் வேலையாக லொறி லொறியாக மண் கொட்டி வளவை றோட்டுக்கு மேலே உயர்த்தினார்கள். கனடாக்காரர் மதிலின் உடைந்த இடத்தை வடிவாகக் கட்டிப் பூசிவித்தார்கள். இரண்டையும் யன்னலடியிலிருந்து நான் பார்த்தேன். மெசினை நிற்பாட்டிவிட்டுத்தான் பார்த்தேன். இப்போது ஒழுங்கையிலேயே பள்ளமான வளவு எங்களுடையது.

போன கிழமை மறுபடி கூட்டம். தெருவிளக்கு, நாய், குப்பை. உறுப்பினர் அதே சிரிப்போடு இருந்தார். நான் எழும்பினேன்.

"தம்பி, இந்த மாரிக்கு வெள்ளம் எங்காலை போகும்?"

"அது அடுத்த கட்டம் அக்கா."

எனக்குப் பின்னால் யாரோ கதிரையை அரக்கி, "உவவும் தொடங்கீட்டா" என்றது கேட்டது.

தேத்தண்ணி குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய், "அலவாங்கை எங்கை வைச்சனீங்கள்?" என்று என் மனுசனிடம் கேட்டேன். அவர் பின் கொட்டிலுக்குள்ளிருந்து அதை எடுத்துவந்து, என் மெசினுக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்தி வைத்தார்.