விலை சொல்லாத நிலம்

முடிச்சுப் போட்ட வெள்ளை லேஞ்சித் துணி ஒன்றில் இரண்டு தங்கக் காப்புகள். போதகர் ஐயா அதை என் உள்ளங்கையில் வைத்தபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கரவெட்டியில் எங்கள் வளவில் குடியிருந்தவர். அவரது காணி இராணுவத்தின் பிடியில்; அதன் உறுதிப் பத்திரம் மட்டும் அவரது கைப்பையில். அன்று காலை அவரது மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டார். சண்டையில் பாதைகள் பூட்டிக் கிடந்தன. கிறிஸ்தவர்களைப் புதைக்கிற எந்தச் சேமக்காலைக்கும் கொண்டுபோக வழியில்லை. நாங்கள் சைவக்காரர், எரிக்கிற சனம். இருந்தும் அயலவரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், எங்கள் வெங்காயத் தோட்டத்து மூலையில் அடக்கம் செய்யச் சொன்னேன். அவரோ விலை பேசுகிறார்!

"தம்பி, கோவிக்காதையும். ஆபிரகாமுக்கு நாடு முழுக்கத் தாறன் எண்டு கடவுள் சொன்னவர். மனிசி சாராள் செத்த அண்டைக்கு அவரிட்டைக் குழி வெட்ட நிலமில்லை. ஊர்ச்சனம் சும்மா தாறம் எண்டவை. மனிசன் கேக்கேல்லை. எல்லாரும் பாக்க விலை குடுத்துத்தான் வாங்கினவர். விலை குடுத்து வாங்கினதாலை அது களவெடுத்த நிலம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது எண்டு யூத குருமார் இண்டைக்கும் கதைக்கினம். நாளைக்கு இது அவளின்ரை இடம் எண்டு நான் எதைக் காட்டுறது? ஒரு உறுதி எழுதித் தாரும்."

"என்னய்யா, செத்தவீட்டிலை காசுக்கு நிக்கிறவனோ நான்? நாளைக்குக் கிண்டியே எடுக்கப் போறன்?" என்று சத்தம் போட்டு, லேஞ்சியை அவரது பைக்குள்ளேயே திணித்தேன். கொடுக்கிறவன் என்ற தடிப்பு எனக்கு. உறுதி எழுதாமலே, அன்று பின்னேரம் அந்த மூலையில் அவரது மனைவியை அடக்கம் செய்தோம்.

பிறகு அவர் வன்னிப் பக்கம் போய்விட்டார். என் மகளின் கலியாணத்துக்கு அந்தத் தோட்டத்தைச் சீதனமாக எழுதினேன். உறுதி எழுதிய நொத்தாரிசு நாலு எல்லையையும் வாசித்தார். மூலையில் ஒரு மனிசி படுத்திருக்கிறா என்று நான் சொல்லவில்லை. மறந்தேனா, நல்ல காரியத்தில் சாவுக் கதை வேண்டாமென்று நினைத்தேனா, இன்றுவரை தெரியாது. மகள் கனடா போய் அதை விற்றுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது மண் நிரவி, அந்த மூலையில் மதிலும் தண்ணீர்த் தாங்கியும் எழும்பியிருந்தன. வாங்கியவரைக் கேட்டேன். "உறுதியிலை அப்பிடியொண்டும் இல்லையே அண்ணை" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே.

போன மாதம் போதகர் ஐயா ஓட்டோவில் வந்திறங்கினார். எண்பது தாண்டிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, ஆமிக்காரர் என்ரை காணியை விட்டிட்டாங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

ஐயோ, அந்தச் சிரிப்பை நான் எப்படிச் சொல்வேன். மதிலடிக்குக் கூட்டிப்போய், நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். மதிலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கைப்பையைத் திறந்தார். பிறகு அதே லேஞ்சியை அவிழ்த்து, அதே இரண்டு காப்புகளையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப எண்டாலும் விலையைச் சொல்லும், தம்பி."

விற்பதற்கு அந்த மண்ணில் ஒரு பிடிகூட என்னிடம் இல்லை.