அப்பா கல்லறையில் கிடந்த சாமந்தி

என் அப்பாவின் கல்லறை ராணிப்பேட்டையில் இருக்கிறது. கல்லறைத் திருநாளன்று சத்துவாச்சாரியிலிருந்து சாயங்காலம்தான் போவேன். ஒவ்வொரு வருடமும் அதன்மேல் சாமந்தி மாலை கிடக்கும். எங்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் கிடையாதே, யாரோ கல்லறை மாறி வைத்துவிட்டார்கள் என்று எண்ணி, பக்கத்துக் கல்லறையில் எடுத்துப் போட்டுவிடுவேன்.

மூன்று வருடங்களுக்கு முன் சாமந்தி இல்லை. ஒரு பெண் மட்டும் நின்றிருந்தாள்.

"எங்கம்மா உங்கப்பாவோட சித்தப்பா பொண்ணுங்க. காலைல ஷூ கம்பெனிக்குப் போறப்ப மாலை வெச்சிட்டுப் போவாங்க. மறுநாள் பார்த்தா பக்கத்துல கெடக்கும். 'அண்ணன் வீட்ல நம்மள வேணாங்கறாங்க'ன்னு அழுவாங்க. போன மாசம் தவறிட்டாங்க."

அந்த அத்தையின் பெயரையே அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் கல்லறைத் திருநாளன்று விடிந்ததும் போய், முதலில் அங்கேயே இருக்கும் அத்தையின் கல்லறையில் சாமந்தி வைக்கிறேன். பிறகு அப்பாவுக்குப் பூ வைக்க யாராவது வருவார்களா என்று இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை, அந்தப் பெண்கூட.