கணக்கில் வராத கரண்ட்

வீட்டில் எவ்வளவு கரண்ட் எரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரைவிடக் குறைவாகத்தான் எரிக்கிறார்கள். வயரிங் வேலையோடு இந்தக் கணக்கும் பார்த்துக் கொடுப்பவன் நான். மாதாமாதம் பில்லை விரித்துவிட்டு முகட்டைப் பார்க்கும் உங்களுக்கு, குருநகரில் ஒரு வீட்டுக்குப் போன கதை கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வழக்கு

அந்த வீட்டு றீற்றாவுக்கு ஒரு பிறீசர் வேண்டும். மலிவான நாளில் இறாலை வாங்கி உரித்து உறைய வைத்தால், காற்றடித்துப் படகு போகாத நாளில் நல்ல விலைக்கு விற்கலாம். கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் சாமானைப் பிடித்து வைப்பாராம். கணவர் அன்ரன், கடற்றொழில் செய்பவர், மறித்துக்கொண்டு நின்றார். இருக்கிற பில்லே தாங்க முடியவில்லை என்பது அவர் கட்சி. இரண்டு பேருமாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் பையைத் திறக்க முன்னமே அன்ரன் சொன்னார்:

"கணக்கை வடிவாப் பாருங்கோ அண்ணை. ஆனா கணக்குக் கூடுதலா வரவேணும்!"

எல்லாம் நிப்பாட்டியாச்சு

ஒவ்வொரு சாமானும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டுக் கூட்டுவது என் வழக்கம். மின்விசிறி, ரீவி, அயன் பெட்டி, தண்ணீர் மோட்டர், சமையலறைப் பிறிட்ஜ் எல்லாம் கூட்டியும் பில்லில் உள்ளதில் பாதியைத்தான் தாண்டியது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மீற்றரைப் பார்த்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே போனால், மாதா சொரூபத்துக்கு முன்னால் ஒரு நீலப் பல்ப். அதையும் நிறுத்தச் சொன்னேன். றீற்றா நெஞ்சில் கை வைத்தார்.

"மாதாவுக்கு எரியிறதையும் கரண்ட் எண்டு சொல்லுவியளோ அண்ணை?"

கொட்டில்

அந்தக் குட்டிப் பல்ப் சக்கரத்தை இந்த வேகத்தில் சுற்றாது. சுவரோரம் போன ஒரு வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டுப் பின்வளவில் வலை வைக்கும் கொட்டிலில் அது முடிந்தது. அங்கே ஒரு பழைய பிறிட்ஜ், வலைக்கயிற்றால் கதவை இறுக்கிக் கட்டியபடி, உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே தூண்டில் இரைக்குக் கணவாய்த் துண்டுகள். கதவு றப்பர் போய்விட்டதால் ஓய்வில்லாத ஓட்டம். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்ரனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"வீட்டுச் சாமானைத்தானே அண்ணை கேட்டியள். உது தொழில் சாமான்!"

தீர்ப்பு

செருகி அளக்கும் சின்ன மீற்றரை அதில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். புதுப் பிறீசர் இழுக்கக்கூடியதைவிட அது கூடுதலாகவே இழுத்தது. இந்தப் பழசை நிறுத்திவிட்டுப் பிறீசரை வாங்கினால் பில் ஏறாது, கொஞ்சம் இறங்கவும் கூடும் என்றேன். றீற்றா அன்ரனைப் பார்த்தார். "அப்ப என்ரை இரையை எங்கை வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார் அன்ரன். அதற்குள் றீற்றா செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

சனிக்கிழமை, வந்திறங்கிய பிறீசருக்குப் பிளக் பூட்டப் போனேன். வாசலில் அன்ரன் சட்டியோடு குந்தியிருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார். என்ன இது என்றேன்.

"வாடகை அண்ணை. என்ரை இரைக்குப் பிறீசரிலை உவ ஒரு மூலை தந்திருக்கிறா!"

ஒரு வீட்டின் மின்கணக்கைப் பார்க்க ஒரு நாள் போதும். எது எது வீட்டுச் சாமான் என்று புருசனும் பெண்சாதியும் ஒத்துக்கொள்ளத்தான் ஒரு வாரம் வேண்டும்.